இரவல் டேட்டாவில் ஓர் ஆசீர்வாதம்

விரலை இறக்குங்கள் சார். முதலில் விரலை இறக்குங்கள். அவர் பார்த்துவிட்டால் எழுந்து வருவார். வந்தால், ‘சார், டிபன் ஆச்சுங்களா’ என்று கேட்பார். கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

பெண்ணின் மாமா அவர் இல்லை.

ஆமாம், அந்தச் சந்தன நிறப் பட்டுச் சட்டைக்காரரைத்தான் சொல்கிறேன். முன்வரிசையில், சக்கர நாற்காலி அம்மாளுக்குப் பக்கத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர், நாகர்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறீர்கள். அந்த வேன் முழுக்க அவரைத்தான் பெண்ணின் மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சற்று முன்னால் மாப்பிள்ளையின் அப்பாவே இரண்டு கையாலும் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, ‘வாங்க வியட்நாம் மாமா’ என்று வரவேற்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ‘நீங்க உள்ளே போங்க சார், காத்தாடிக்குக் கீழே இடம் இருக்கு’ என்றார் என்னிடம்.

மாமா நான்தான். பெண்ணின் அப்பா சங்கரபாண்டியனுக்கு அக்காள் என் மனைவி செண்பகவல்லி. பெயர் ஆவுடையப்பன், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு கல்லூரிக்குத்தான், வரலாற்றுக்கு இல்லை என்று செண்பகம் சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. மேளக்காரர்கள் இப்போதுதான் இட்லிக்குப் போயிருக்கிறார்கள். தாலிக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூறைப் புடவையைத் தட்டில் வைத்து, அத்தையும் மாமாவும் ஜோடியாக நின்று பெண்ணிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மைக்கில் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது செண்பகம் யாரைத் தேடுகிறாள் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடைசி வரிசைக்கு வந்தேன். நானாகப் போய் மேடையோரம் நிற்பதாக இல்லை.

எல்லாம் டேட்டாவால் வந்தது சார்.

மூன்று மாதம் முன்பு, வியட்நாமுக்கு ஒரு குழுவாகப் போனோம். தெரிந்தவர்கள் எல்லாம் பாலி, சிங்கப்பூர் என்று போகிறார்கள். நான் வியட்நாமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே மீ சோன் என்று ஓரிடம். சாம் அரசர்களின் கோயில் தொகுதி. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேஸ்வரர் என்று ஒரு லிங்கம் நிறுவினான். தன் பெயரில் பாதியைக் கடவுளுக்குக் கொடுத்தான், பாருங்கள். அந்தக் காலத்தில் பெயர் வைப்பதிலேயே ஒரு... சரி, அது பிறகு.

சென்னை விமான நிலையத்தில் செண்பகம் கேட்டாள். ‘இந்தா பாருங்க, அந்த ஊருலே பேசுறதுக்கு ஏதாவது போட்டுக்கிடுவோம். தம்பி வீட்டுலே பிள்ளைக்கு நாள் குறிக்கப் போறாக. கூப்பிட்டா எடுக்கணும்லா?’

‘செண்பகம்,’ என்றேன், ‘யுவான் சுவாங் சீனாவிலிருந்து காஞ்சிபுரம் வரை வந்தார். ரோமிங் போட்டுக்கொண்டா வந்தார்?’

‘அவரு சன்னியாசி. அவருக்கு ஏது தம்பி மகள்?’

இப்படித்தான் பேசுவாள். இருந்தாலும் விட்டுக்கொடுத்தாள். ஹோட்டலில் வைஃபை இருக்கும், காலையிலும் சாயங்காலமும் பார்த்துக்கொள், நடுவில் கண்ணால் ஊரைப் பார் என்றேன். டா நாங் விமான நிலையத்தில் இறங்கியதும் வரிசையாக சிம் கார்டுக் கடைகள். எங்கள் குழு மொத்தமும் அங்கே பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றது. நான் மட்டும் செண்பகத்தின் பெட்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை. அந்தக் கடை முன்னால் நிற்கிறாள். பக்கத்தில் இந்த ஆள்.

பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் மோட்டார் பம்ப் ஏஜென்சி. அவர் சிம் வாங்கவில்லை. ஊரிலேயே இ-சிம் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். ஏதோ கட்டத்தை ஸ்கேன் செய்தாராம், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதாம். கையில் பிடிக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எங்கும் நிறைந்திருக்கும். அத்வைதிகளுக்கு மிகவும் பிடிக்கும்.

‘அக்கா, நீங்க எதுக்குங்க தனியா வாங்கறீங்க? நம்முளுது அன்லிமிட்டடுங்க. ஹாட்ஸ்பாட் போட்டுட்டே இருக்கறனுங்க. பக்கத்துல இருந்தீங்கன்னா போதும்.’

பக்கத்தில் இருந்தால் போதும். இதை ஒரு மனிதர் என் மனைவியிடம், அறிமுகமாகிக் கால் மணி நேரத்துக்குள், விமான நிலையத்தில் வைத்துச் சொல்கிறார். அக்கா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அன்றிலிருந்து பார்க்க வேண்டுமே. நாச்சிமுத்து எங்கே போகிறாரோ அங்கே செண்பகம். அவர் நின்றால் நிற்பாள். அவர் டிராகன் பாலத்தைப் பார்க்கப் போனால் இவளுக்கும் டிராகன் பாலம் பிடித்துவிடும். பஸ்ஸில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தால், ‘எனக்கு வயித்தைப் பிரட்டுது, முன்னாடி உக்காந்தா தேவலை’ என்பாள். அவளுடைய போனில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? ‘நாச்சிமுத்து பம்ப்ஸ் – இணைக்கப்பட்டது.’ என்னோடு வாழும் பெண்ணின் போனில் இப்படி ஒரு வாசகம். நான் இதை இருமுறை வாசித்தேன். பிழை திருத்தம் செய்யும்போதுகூட நான் எதையும் இருமுறை வாசிப்பதில்லை.

நானும் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்பீர்கள். கூப்பிடத்தான் கூப்பிட்டார். ‘சார், உங்க போனையும் குடுங்க, பாஸ்வேர்டு போட்டுத் தர்றனுங்க.’ வேண்டாம் என்றேன். ‘பாஸ்வேர்டு லேசுங்க சார், எங்கூட்டுக்காரம்மா பேருதானுங்க’ என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். மனைவி பெயரை ஊரார் எல்லாரிடமும் பாஸ்வேர்டாகக் கொடுக்கிறவரை நான் எப்படி மதிப்பது?

அந்த அம்மாள்தான் அதோ, சக்கர நாற்காலியில். தெய்வானை. இரண்டு முழங்காலும் போய்விட்டது, பயணம் முடியாது. இவர் என்ன செய்கிறார்? மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வியட்நாம் வருகிறார். வந்தது மட்டுமில்லை, நாள் முழுக்க வீடியோவில் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, ‘இங்க பாரு தெய்வான, படகப் பாரு, அது நம்மூரு பரிசல் மாதிரியே இருக்குது பாரு’ என்று காட்டிக்கொண்டே நடக்கிறார். நாங்கள் மலைமேல் ரோப் காரில் போனபோது போனைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டார். அவர் எதையும் பார்க்கவேயில்லை. இதற்கு ஒரு மனிதர் விமானம் ஏற வேண்டுமா?

ஹொய் ஆன் என்று ஒரு பழைய துறைமுகம். சாயங்காலத்தில் தெரு முழுக்கக் காகித விளக்குகள். ஜப்பானிய வணிகர்கள் அங்கே ஒரு பாலம் கட்டினார்கள். அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்வதற்கு நான் ஊரிலேயே படித்துக்கொண்டு போயிருந்தேன். பாலத்தின் நடுவில் நின்று ஆரம்பித்தேன். திரும்பினால் செண்பகம் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு கொரியத் தம்பதி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தேடிப் போனால், ஆற்றோரம், நாச்சிமுத்துவின் போனைத் தன் கையில் வைத்துக்கொண்டு, செண்பகம் சிரிக்கிறாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது.

‘என்ன சிரிப்பு?’ என்றேன்.

‘தெய்வானை அக்கா ஒண்ணு சொன்னாக. அது உங்களுக்குப் புரியாது.’

எனக்குப் புரியாதாம். ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவன். நாச்சிமுத்து பத்தடி தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவு குறைவு. அதனால் நிச்சயதார்த்தத்தைத் திடீரென்று வைத்துவிட்டார்கள். நாங்கள் மீ சோன் போகிற அதே நாள் காலை. செண்பகம் சொன்னாள்: ‘நாம ரெண்டு பேரும் இன்னைக்கு ஹோட்டல்லயே இருந்துக்கிடுவோம். வைஃபை இருக்கு. ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுவாக. அத்தையும் மாமாவும் சேர்ந்து நிக்கணும்.’

நான் வியட்நாம் வந்ததே எதற்காக? பத்ரேஸ்வரருக்காக. ஹோட்டல் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டி.வி. ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு ஆசீர்வாதம் செய்வதற்கா? ‘பெண் பார்க்க வந்த அன்றும் நான் இல்லை, என்ன குறைந்துவிட்டது?’ என்றேன். அன்றைக்கு மதுரையில் ஒரு கருத்தரங்கு, தலைமையுரை என்னுடையது. அதனால்தான் சார், உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் என் முகம் தெரியவில்லை.

அவள் பெட்டியைத் திறந்தாள். பஸ்ஸில் நாச்சிமுத்து வாயைத் திறந்தார். ‘கவலைப்படாதீங்கக்கா. கோயில்ல சிக்னல் இருக்குதுன்னு கைடு சொன்னாருங்க. அங்கிருந்தே பேசிக்கலாங்க. சாமி சன்னிதானம், இன்னும் விசேசந்தானுங்க.’

மீ சோன் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாலு பக்கமும் மலை, நடுவில் சிவந்த செங்கல் கோபுரங்கள், பாதி இடிந்து. ஒரு பக்கம் போரில் விழுந்த குண்டுகளின் பள்ளம், புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தச் செங்கற்களை எதை வைத்து ஒட்டினார்கள் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு. மரப்பிசின் என்று ஒரு சாரார். ஒட்டிய பிறகு மொத்தமாகச் சுட்டார்கள் என்று ஒரு சாரார். எனக்கு மூன்றாவதாக ஒரு கருத்து உண்டு. சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

நேரம் நெருங்கியது. செண்பகம் ஒரு வேப்பமரம் மாதிரி இருந்த ஏதோ மரத்தடியில், கல் மேல் உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். அவள் பெட்டியில் பட்டுப் புடவை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். நாச்சிமுத்து கையில் சார்ஜ் ஏற்றும் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் அவள் போனுக்கு.

‘வாங்க,’ என்றாள். ‘சேர்ந்து உக்காருங்க. அஞ்சு நிமிசம்.’

‘இரவல் டேட்டாவில் நான் ஆசீர்வாதம் செய்ய மாட்டேன்,’ என்றேன்.

நல்ல வாக்கியம் இல்லையா? எனக்கே பிடித்திருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று அந்தப் பக்கம் இருந்தது. அதன் முன்னால் நின்று, எங்கள் குழுவில் மதுரையிலிருந்து வந்த ஒரு பல் டாக்டருக்குப் பத்ரவர்மனைப் பற்றி விளக்கினேன். அவர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். நான் நடுநடுவே மரத்தடியைப் பார்த்தேன். இருவரும் தலையோடு தலை ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் தலையில் பனையோலைக் கூம்புத் தொப்பி, வழியில் வாங்கியது. ஒரு கட்டத்தில் வலது கையைத் தூக்கி, என்னவோ சொன்னார். ஆசீர்வாதம் மாதிரித்தான் இருந்தது. சீச்சீ, இருக்காது, ஈ ஓட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று உலகத்தில் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் சாயங்காலம் ஹோட்டல் வாசலில் வைஃபை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. போன் நடுங்க ஆரம்பித்தது பாருங்கள், நிற்கவேயில்லை. எங்கள் குடும்பக் குழுவில் அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். ‘மாமா வியட்நாம் போய் இளைச்சிட்டாங்களே!’ ‘மாமாவுக்குத் தொப்பி அம்சமா இருக்கு.’ செண்பகத்தின் பெரியம்மா மகள் ஒருத்தி, நேரில் என் வீட்டில் பலதடவை சாப்பிட்டவள், எழுதுகிறாள்: ‘அத்தான் எப்போ மீசை வச்சாக?’

நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரிய டி.வி.யில் போட்டிருக்கிறார்கள். செண்பகம் தெரிகிறாள். பக்கத்தில் ஓர் ஆண் தெரிகிறார். உங்கள் மாப்பிள்ளையின் அப்பா என்ன நினைப்பார்? ‘மாமாவும் இருக்காக, விழுந்து கும்பிடு மக்கா’ என்றிருக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் டி.வி. முன்னால் விழுந்துவிட்டார்கள். இந்த மனிதர் பாவம், இரண்டு பேர் காலில் விழுந்தால் என்ன செய்வார், கையைத் தூக்கி, ‘நல்லா இருங்க சாமி, மகராசனா இருங்க’ என்று சொல்லிவிட்டார். ‘பாவம்’ என்று நான் சொன்னேனா? பழக்கத்தில் வந்துவிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்தும் விட்டார்.

அறையில் செண்பகத்திடம் கேட்டேன். ‘அது உன் புருஷன் இல்லை என்று ஏன் சொல்லவில்லை?’

‘நல்ல நேரத்துலே, சபையிலே, இவரு என் வீட்டுக்காரரு இல்லைன்னு எப்படிச் சொல்ல? பிறகு இவரு யாருன்னு கேப்பாகல்லா? என்னன்னு சொல்ல? ஹாட்ஸ்பாட்டுன்னா?’

‘நான் எங்கே என்று கேட்டிருந்தால்?’

‘கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை.’

சொல்லிவிட்டு பட்டுப் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி உதறி மறுபடியும் மடித்தாள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று முகம் கழுவப் போனாள். அந்த ஊரில் செங்கல் தூசி அதிகம்.

ஊருக்கு வந்ததும் சங்கரபாண்டியனிடம் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டில் உடனே விளக்கிவிடு என்று. அவன், ‘கல்யாணம் முடியட்டும் அத்தான். பையனை விழுந்து கும்பிட வச்சுட்டு, இப்போ ஆளு மாறிப் போச்சுன்னா அவுக சங்கடப்படுவாக’ என்று தள்ளிக்கொண்டே வந்தான். அதற்குள் எங்கள் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, வியட்நாம் மாமா கட்டாயம் வர வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார். செண்பகம் பொள்ளாச்சிக்கே போன் போட்டாள். என் முன்னால்தான் பேசினாள். ‘அக்கா, அண்ணனைக் கூட்டிக்கிட்டு நீங்க வரணும். நீங்க ஒரு கல்யாணம் பார்த்து எவ்வளவு நாளாச்சு. வண்டியிலே சாஞ்சுகிட்டே வந்துரலாம்.’ தினமும் பேசிக்கொள்கிறார்கள் சார், இவளும் அந்த அம்மாளும். தினமும்! அந்த வீட்டோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க அவள் கண்டுபிடித்திருக்கும் வழியைப் பாருங்கள்.

இன்று காலை வாசலில் அவர்களுடைய கார் வந்து நின்றது. கோலத்துக்குப் பக்கத்தில் நானும் செண்பகமும் நின்றுகொண்டிருந்தோம். அவள் கையில் இருந்த போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தேன். ‘நாச்சிமுத்து பம்ப்ஸ் – இணைக்கப்பட்டது.’ தானாகவே! யாரும் கேட்கவில்லை, யாரும் தொடவில்லை. அதன் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லி நான் எத்தனையோ முறை...

இருங்கள். மைக்கைத் தட்டுகிறார்கள்.

கேட்டீர்களா? ‘பெண்ணின் அத்தையும் மாமாவும் மேடைக்கு வரவும்.’ நீங்கள் கொஞ்சம் சாயுங்கள் சார், மறைக்கிறது. தட்டு அவள் கையில்தான் இருக்கிறது. பார்க்கிறாள். பந்தி வாசலைப் பார்க்கிறாள். அங்கே நான் ஏன் இருக்கப்போகிறேன்? மணமகன் அறைப் பக்கம் பார்க்கிறாள். இப்போது... முன்வரிசை. முன்வரிசையைத்தான் பார்க்கிறாள். சொன்னேனா இல்லையா? எங்கள் சம்பந்தி சிரித்துக்கொண்டே நாச்சிமுத்துவைக் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவரும் எழுந்துவிட்டார்! பார்த்தீர்களா அந்த வேகத்தை?

என்ன, எழுந்தவர் தலையை ஆட்டுகிறார். கும்பிடுகிறார். சம்பந்தியிடம் ஏதோ சொல்கிறார். சம்பந்தியின் முகம் போகிற போக்கைப் பாருங்கள். தெய்வானை அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பி, வரிசை வரிசையாகத் தேடுகிறாள். என்னைக் கண்டுவிட்டாள். செண்பகத்திடம் சொல்லிவிட்டாள்.

இறங்கி வருகிறாள். தட்டோடு இறங்கி வருகிறாள். தாலி முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு, கூறைப் புடவையை ஏந்திக்கொண்டு இவ்வளவு தூரம்...

‘இங்கேயா இருக்கீக? மாப்பிள்ளையோட அப்பா, பொண்ணோட மாமா எங்கேன்னு நிக்காக.’

‘எந்த மாமா?’ என்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா? இவரும் சொல்லட்டும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். ‘எந்த மாமாவைத் தேடுகிறார்கள்?’

‘எந்த மாமாவா? எனக்கு எத்தனை பேரு இருக்காக?’

கேட்டீர்களா சார்? எவ்வளவு சாமர்த்தியம். நான் ஒரு கேள்வி கேட்டால் அவளும் ஒரு கேள்விதான் கேட்பாள், பதில் வராது. தட்டு ஒரு பக்கம் சாய்கிறது, கனம் போல. சரி, கொடு, இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். அழாதே, எல்லாரும் பார்க்கிறார்கள். வருகிறேன் என்றுதானே சொல்கிறேன்.

சார், ஐந்து நிமிஷம். இந்த நாற்காலியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது உட்கார்ந்துவிடப் போகிறார்கள்.